சுங்கை சிப்புட்டிலிருந்து ஸ்டார் டிரெக் வரை: நடிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

என் தம்பி இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இரண்டாம் படிவத்தில் படிக்கிறான். ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடரில் ஒரு நிமிடமாவது தலைகாட்டிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. 'டிஸ்கவரி'யில் கேப்டன் உடையில் வந்த நடிகை மிஷெல் இயோ ஈப்போவில் பிறந்தவர் என்று தெரிந்ததிலிருந்து அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. "நம்ம பக்கத்து ஊருக்காரங்க போயிருக்காங்க, நான் போக முடியாதாக்கா?" என்று கேட்கிறான். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளை ஒன்று இப்படிக் கேட்டால் வழி சொல்ல இங்கே ஆளில்லை. "முதல்ல படி" என்பார்கள், இல்லாவிட்டால் ஏதாவது ஏஜென்சியில் பணம் கட்டச் சொல்வார்கள். நாங்கள் பல இடத்தில் அலைந்து, பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து படித்தால் நல்லது.

1. தொடரை எந்த ஊரில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்

ஆசைப்படும் தொடர் அமெரிக்கத் தொடர் என்பதால் அமெரிக்காவில்தான் எடுப்பார்கள் என்று நினைக்காதீர்கள். 2017 முதல் 2024 வரை வந்த 'டிஸ்கவரி', 2022இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' இரண்டுமே கனடாவின் டொரொண்டோ பக்கம் எடுக்கப்பட்டவை. உங்கள் பிள்ளைக்குப் பிடித்தது 'டாக்டர் ஹூ' என்றால் அது பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில் தயாராகிறது. எந்த நாட்டுச் சட்டத்தைப் படிக்க வேண்டும், எந்த நாட்டு விசாவைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

கூட்டத்தில் நிற்கும் எக்ஸ்ட்ராக்களை அந்தந்த ஊரிலேயே எடுத்துக்கொள்வார்கள். அங்கே வேலை செய்யச் சட்டப்படி உரிமை உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் ஒரு நாள் எக்ஸ்ட்ராவாக நின்றுவிட்டு வரலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கனடாவுக்குப் போக மலேசியர்களுக்கு வருகையாளர் விசா வேண்டும். அதற்குக் கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைப் பதிவுக்கு இன்னொரு 85 டாலர். 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கைரேகை தேவையில்லை. அந்த விசாவில் நடித்துச் சம்பளம் வாங்க முடியாது, அதற்கு வேலை அனுமதி தனியாக எடுக்க வேண்டும். உங்கள் பிள்ளையைத் தேர்ந்தெடுத்த தயாரிப்பு நிறுவனம் முன்நின்றால்தான் அது நடக்கும். பிரிட்டனும் அப்படித்தான். சும்மா சுற்றிப் பார்க்க நமக்கு விசா வேண்டாம், 2025 ஜனவரியிலிருந்து மின்னணுப் பயண அனுமதி மட்டும் எடுத்தால் போதும். ஆனால் அதை வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது.

வசனம் பேசுவதென்றால் அதில் நடிகர் சங்க விதிகளும் சேரும். இன்று ஜோர்டானின் மன்னராக இருப்பவர், இளவரசராக இருந்த காலத்தில், 1996இல் ஸ்டார் டிரெக்கின் 'வோயேஜர்' தொடரின் ஒரு காட்சியில் சில விநாடிகள் வந்தார். அவரும் ஒரு ரசிகர்தான். அமெரிக்க நடிகர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை என்பதால் அவருக்கு ஒரு வரி வசனம்கூடக் கொடுக்கவில்லை. தம்பிக்கு இதைச் சொன்ன பிறகு விதிகளைப் பற்றி அவன் என்னோடு வாதாடுவதை விட்டுவிட்டான்.

அதனால் இங்கிருந்தபடி நமக்கு இருப்பது மூன்று வழிகள்: வீட்டிலேயே நடித்துப் பதிவு செய்து தூரத்திலிருந்தே அனுப்பக்கூடிய செல்ஃப் டேப், மலேசியாவுக்குள் நடக்கும் படப்பிடிப்புகள், பிறகு நாமே எடுக்கும் ரசிகர் படம். மூன்றையும் ஒன்றாகவே தொடங்கலாம்.

2. பத்திரங்களை இப்போதே சரிபாருங்கள்

வாய்ப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். அழைப்பு வந்தால் கையில் இருப்பது சில நாட்கள்தான், பதிவிலாகா வேலை சில நாளில் முடியாது.

பிறப்புப் பத்திரம், பிள்ளையின் ஐசி (அடையாள அட்டை), பெற்றோர் இருவரின் ஐசி, பள்ளி ஆவணங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். தோட்டங்களில் கிராணியோ (அலுவலக எழுத்தர்) யாரோ எழுதிக் கொடுத்த பழைய பத்திரங்களில் எழுத்து மாறியிருப்பது சாதாரணம். அப்பாவின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் இப்போதே தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் விசாரியுங்கள். பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளை என்றால் நடிப்பைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். முதல் வேலை அதுதான், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும்கூட அது வேண்டும்.

பாஸ்போர்ட் 13 வயதிலிருந்து 200 ரிங்கிட். 12 வயதும் அதற்குக் கீழும் 100 ரிங்கிட். 18 வயது ஆகாத பிள்ளையோடு தாயோ தந்தையோ நேரில் போக வேண்டும். படம் பிடிப்பார்கள், அதனால் தோள் மூடிய, அடர்ந்த நிறச் சட்டை போட்டு அழைத்துச் செல்லுங்கள். தாளெல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே கையில் கிடைத்துவிடும். வெளிநாட்டு அழைப்பு எதுவும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இல்லையென்றால் இந்தச் செலவை இப்போது செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டின் ஐந்து ஆண்டுக் காலம் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். பத்திரங்கள் சரியாக இருந்தால் பாஸ்போர்ட் எடுப்பது பெரிய காரியமில்லை.

வெளிநாட்டு விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒருவர் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதுவார், இன்னொருவர் தாத்தா பெயரை எழுதுவார், மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி விட்டுப்போகும். பிறகு ஒப்பந்தத்தில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். ஐசியிலும் பாஸ்போர்ட்டிலும் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். குழப்பமாக இருந்தால் படிவம் அனுப்பியவரிடமே கேட்டுவிட்டு எழுதுங்கள்.

3. முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்

ஒரு ஏஜென்சியிலிருந்து எங்களுக்கும் அழைப்பு வந்தது. தம்பியின் படத்தைப் பார்த்தார்களாம், வெளிநாட்டுத் தொடருக்குப் பொருத்தமான முகமாம். பதிவுக் கட்டணம், படத்தொகுப்புக் கட்டணம், நடிப்புப் பயிற்சிக் கட்டணம் என்று வரிசையாகக் கேட்டார்கள். அம்மாவின் ஒரு மாதச் சம்பளம் அதில் போயிருக்கும். நிறுவனப் பதிவு எண்ணை அப்பா கேட்டதும் பதில் வருவது நின்றுவிட்டது.

ஒழுங்கான ஏஜென்ட் பிள்ளைக்குச் சம்பளம் வந்த பிறகு அதிலிருந்து ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். ஆடிஷனுக்குக் கட்டணம் கிடையாது. வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்கிறார் என்றாலே அது வேலை இல்லை.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியவை: பணம் போடச் சொன்ன வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மோசடிக் கணக்குகளைக் காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். இலவசம்தான், ஒரு நிமிட வேலை. தயாரிப்பு நிறுவனம் என்று சொன்னால் ஃபினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். மலேசியாவில் படம் தயாரிக்க அந்த உரிமம் வேண்டும் என்பது சட்டம், வைத்திருப்பவர்கள் கேட்டவுடன் காட்டுவார்கள். பணம் ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே மோசடிப் புகார்களுக்கான 997க்கு அழையுங்கள், போலீஸ் புகாரும் கொடுங்கள். தாமதமாக ஆக அந்தப் பணம் வேறு கணக்குக்குக் கைமாறிப் போய்விடும்.

பணத்தைவிட முக்கியமான ஒன்று. பிள்ளையின் தொலைபேசிக்கு நேரடியாகச் செய்தி அனுப்பி, "அம்மாவிடம் இப்போது சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அது ஆடிஷன் இல்லை. ஹோட்டல் அறையில் ஆடிஷன், உடம்பு தெரிகிற மாதிரி படம், வீடியோ அழைப்பில் உடை மாற்றச் சொல்வது, எதற்கும் இடம் கொடுக்காதீர்கள். அப்படி நடந்தால் அழைக்க, அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசேயின் எண் 15999. விண்ணப்பங்களில் எப்போதும் பெற்றோரின் எண்ணையும் பெற்றோரின் மின்னஞ்சலையும் மட்டும் கொடுங்கள்.

4. படமும் செல்ஃப் டேப்பும்

இதற்கு நல்ல கைப்பேசி ஒன்று போதும். ஆனால் நேரம் நிறையப் பிடிக்கும்.

படம் இரண்டு வேண்டும்: முகம் மட்டும் ஒன்று, தலையிலிருந்து பாதம் வரை ஒன்று. காலை வெளிச்சத்தில், வீட்டுக்கு வெளியே நிழலில் நிறுத்தி எடுங்கள். பவுடர் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம், தீபாவளிச் சட்டை வேண்டாம், பள்ளிச் சீருடையும் வேண்டாம் (பள்ளியின் பெயர் வெளியே போகக் கூடாது). எழுத்தில்லாத ஒரே நிற டீ-சட்டை சரியாக இருக்கும். வெள்ளையாகக் காட்டுவதற்காகப் படத்தைத் திருத்தித் தருவதாக ஸ்டூடியோவில் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளை இருக்கும் நிறத்தில், இருக்கும் முகத்தோடுதான் தேர்வுக்குப் போக வேண்டும். வளரும் வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் படம் எடுக்க வேண்டும்.

செல்ஃப் டேப் என்றால் அவர்கள் அனுப்பும் காட்சியை நாம் வீட்டிலேயே நடித்து, பதிவு செய்து அனுப்புவது. அழைப்பு வந்து ஒன்றிரண்டு நாளில் கேட்பார்கள். அதனால் அழைப்பு வருவதற்கு முன்பே வீட்டில் ஓர் இடத்தைத் தயார் செய்து பழகி வைத்திருக்க வேண்டும்.

சுவரில் படமோ நாள்காட்டியோ தெரியக் கூடாது. எங்கள் வீட்டுச் சுவர் பச்சை என்பதால் சாம்பல் நிறப் போர்வை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டோம். ஜன்னல் பிள்ளையின் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். கைப்பேசியைப் படுக்கை வாட்டத்தில், கண் உயரத்தில் வையுங்கள். நெஞ்சிலிருந்து தலை வரை படச் சட்டத்துக்குள் வரட்டும்.

நம்ம ஊரில் பெரிய தொல்லை சத்தம்தான். மத்தியானம் மழை பிடித்தால் தகரக் கூரையின் கீழ் ஒரு வார்த்தை கேட்காது. காற்றாடியை நிறுத்துங்கள், பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள், சேவல் கூவி ஓய்ந்த பிறகு, மழைக்கு முன்னால், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் எடுத்துவிடுங்கள். பஞ்சு மெத்தை, தலையணை எல்லாம் இருக்கும் அறையில் எதிரொலி குறைவாக இருக்கும்.

எதிர்ப் பாத்திரத்தின் வசனத்தைப் படிக்க ஒருவர் வேண்டும். அவர் கைப்பேசிக்குப் பக்கத்தில் ஒட்டி நின்று, மெதுவாக, நடிக்காமல் படிக்க வேண்டும். பிள்ளை அவர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், கேமராவைப் பார்த்துப் பேசக் கூடாது. தொடக்கத்தில் பெயர், வயது, உயரம், இருக்கும் ஊர் ஆகியவற்றைச் சொல்லி ஒரு துண்டு தனியாக எடுப்பார்கள், அதற்கு மட்டும் கேமராவைப் பார்க்கலாம். உயரத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், உடை தைப்பவர் அந்த அளவை நம்பித்தான் தைப்பார்.

பின்னணி இசை சேர்க்காதீர்கள். விண்வெளி ஓடும் காட்சியைப் பின்னால் ஒட்டாதீர்கள். தம்பி அதற்காக இரண்டு இரவு செலவழித்தான், எனக்கே பாவமாக இருந்தது, ஆனால் நீக்கத்தான் சொன்னேன். தேர்வு செய்பவருக்கு வேண்டியது அவன் முகமும் குரலும். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அமெரிக்க உச்சரிப்பை வலிந்து பேச வைக்க வேண்டாம். சொந்த உச்சரிப்பில் தெளிவாகப் பேசட்டும், வேறு மாதிரி வேண்டுமென்றால் அவர்களே குறிப்பில் சொல்வார்கள். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும், கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். அந்த இணைப்பு அனுமதி கேட்காமல் திறக்கிறதா என்று இன்னொருவர் கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

5. உள்ளூர்ப் படப்பிடிப்பில் அனுபவம் சேருங்கள்

வானவில், விண்மீன், ஆர்டிஎம் ஆகிய தொலைக்காட்சிகளுக்குத் தமிழ் நாடகம் எடுக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம்தான் இருக்கின்றன. ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். பிள்ளையோடு ஒருவர் போய்வர ரயில், சாப்பாடு, கிராப் எல்லாம் சேர்த்தால் எக்ஸ்ட்ரா சம்பளம் அதற்கே சரியாகிவிடலாம். முதல் இரண்டு மூன்று வேலைகளில் மிச்சம் பார்க்காதீர்கள், அனுபவத்துக்காகப் போகிறோம் என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள்.

வெளிநாட்டுக் குழுக்களும் இங்கே வருகின்றன. மலேசியாவில் செய்யும் செலவில் 30 விழுக்காட்டைத் திருப்பித் தரும் ஊக்குவிப்புத் திட்டம் ஃபினாஸ் வழியாக நடக்கிறது. ஜொகூர் இஸ்கண்டார் புத்ரியில் பெரிய ஸ்டூடியோ இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸின் 'மார்கோ போலோ' அங்கே படமாக்கப்பட்டது. அந்த மாதிரிப் படப்பிடிப்புக்கு எக்ஸ்ட்ராக்களை இங்கிருந்துதான் எடுப்பார்கள். நமக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் தூரம், தங்கும் இடம் யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

இனி சட்டம். 1966ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைச் சட்டப்படி 15 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை பொதுப் பொழுதுபோக்கு நிகழ்ச்சியில் வேலை செய்யத் தொழிலாளர் இலாகாவின் லைசென்ஸ் வேண்டும். அதை எடுக்க வேண்டியவர் வேலை கொடுப்பவர், நீங்கள் இல்லை. மூன்று மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேர ஓய்வு, ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது, பள்ளிக்குப் போன நாளில் பள்ளி நேரத்தையும் சேர்த்து ஏழு மணி நேரம், அடுத்த வேலைக்கு முன் 14 மணி நேர இடைவெளி. இதை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாப் பிள்ளைங்களும் இருக்காங்களே" என்று சொல்வார்கள். இருக்கட்டும், நீங்கள் மரியாதையாகத் தாளை எடுத்துக் காட்டுங்கள்.

18 வயது ஆகாத பிள்ளையை ஒப்பந்தத்தில் தனியாகக் கையெழுத்துப் போட விடாதீர்கள், பெற்றோர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். போடுவதற்கு முன் சம்பளம் எவ்வளவு, எத்தனை நாளில் வரும், நேரம் கூடினால் என்ன, படப்பிடிப்பு ரத்தானால் என்ன, சாப்பாடும் பயணமும் யார் செலவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நகல் கொடுக்காத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருந்தால் உடையோடு எடுத்த படத்தை டிக்டாக்கில் போடக் கூடாது என்று பிள்ளையிடம் முன்கூட்டியே, கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பள்ளி விடுமுறைக் கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் முன்பே கொடுத்து, தேதி முத்திரையோடு ஒரு நகல் வாங்கி வையுங்கள்.

கனடாவில் டொரொண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாநிலம் பிள்ளை நடிகர்களுக்கென்றே 2015இல் ஒரு சட்டம் போட்டது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவரோடு பெற்றோரோ பொறுப்பாளரோ கூடவே இருக்க வேண்டும் என்கிறது அது. ஒருநாள் அங்கிருந்து அழைப்பு வந்தால், கூடப் போகும் பெரியவரின் பாஸ்போர்ட், விசா, வேலையிடத்து விடுப்பு எல்லாவற்றையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

6. போட்டி அறிவிப்பு வந்தால்

2015இல் ஸ்டார் டிரெக் திரைப்படம் ஒன்றில் சிறு வேடம் பரிசு என்று நிஜமாகவே ஒரு நன்கொடைப் போட்டி நடந்தது. இப்படி மறுபடியும் வரலாம், அதன் பெயரில் போலிகளும் வரும். தொடரின் அதிகாரபூர்வப் பக்கத்தில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விதிகளில் வயதையும் நாட்டையும் முதலில் படியுங்கள். 18 வயது நிரம்பியவர் மட்டும், அந்த நாட்டில் குடியிருப்பவர் மட்டும் என்று பல போட்டிகளில் இருக்கும்.

7. நீங்களே ஒரு ரசிகர் படம் எடுங்கள்

எங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுதான். யாருடைய அழைப்புக்கும் காத்திருக்க வேண்டாம். ஸ்டார் டிரெக் உரிமையாளர்கள் 2016இல் ரசிகர் படங்களுக்கு விதிமுறை வெளியிட்டார்கள், அதற்குள் நின்றால் எடுக்கலாம். ஒரு கதை 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பகுதியாக எடுத்தால் மொத்தம் 30 நிமிடம், அதற்குமேல் தொடர்ச்சி கூடாது. தலைப்பில் தொடரின் பெயர் வரக் கூடாது, ஆனால் தலைப்புக்குக் கீழே இது ரசிகர் தயாரிப்பு என்ற துணைத்தலைப்பை அவர்கள் சொன்ன வாசகத்தில் போட வேண்டும். உரிமை தங்களுக்கு இல்லை என்ற அறிவிப்பும் வேண்டும். தொடரிலிருந்து காட்சியை வெட்டி ஒட்டக் கூடாது. நடிப்பவர் யாருக்கும் சம்பளம் கிடையாது. குடும்பத்தோடு பார்க்கக்கூடிய கதையாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் உடையைப் பயன்படுத்தினால் அது உரிமம் பெற்றதாக இருக்க வேண்டும், ஆன்லைனில் விற்கும் மலிவு நகல் ஆகாது. உடையைப் பக்கத்து அக்காவிடம் கொடுத்துத் தைப்பதே நல்லது, எங்களுக்குத் துணிச் செலவு மட்டும்தான் ஆனது. யூடியூபில் ஏற்றும்போது விளம்பர வருமானத்தை அணைத்து வையுங்கள், பலர் தவறுவது இங்கேதான்.

இடத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை. செம்பனை வரிசைக்குள் சாயங்கால வெளிச்சம் விழும்போது வேறு கிரகம் மாதிரியே இருக்கிறது, இதற்கு டொரொண்டோவில் செட் போட வேண்டியிருக்கும். ஆனால் தோட்டம் தனியார் நிலம். மேனேஜருக்குத் தேதி, நேரம், எத்தனை பேர், பொறுப்பான பெரியவர் யார் என்று எழுதிக் கடிதம் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மருந்து அடிக்கும் நாளும் குலை வெட்டும் நாளும் எந்தத் தடத்தில் என்று மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) கேட்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள். காய்ந்த மட்டைகள் குவிந்த இடத்தில் பாம்பு இருக்கும், பிள்ளைகளுக்கு பூட்ஸ் கட்டாயம். மற்ற வீட்டுப் பிள்ளைகள் நடித்தால் அவர்கள் பெற்றோரிடம் சம்மதக் கடிதம் வாங்குங்கள்.

எடுத்து முடித்ததும் அதிலிருந்து பிள்ளை நன்றாகச் செய்த ஒரு நிமிடத்தைத் தனியாக வெட்டி வையுங்கள். ஏஜென்ட்டோ தேர்வாளரோ முன்பு நடித்ததைக் காட்டச் சொன்னால் அனுப்ப அது இருக்கும்.

8. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிந்த பிறகு

நடிப்பை முறையாகப் படிக்க ஆசை என்றால் கோலாலம்பூரில் அஸ்வாரா இருக்கிறது, அரசாங்கக் கலைக்கழகம். எஸ்பிஎம்முக்குப் பிறகு அங்கே நாடகத்தில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். எஸ்பிஎம்மில் மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடைக்காது, அதனால் அந்த இரண்டு பாடத்துக்கு இப்போதிருந்தே நேரம் ஒதுக்குங்கள். தம்பி வாரத்தில் ஒரு நாள் மலாய்க் கதைப் பகுதி ஒன்றைச் சத்தமாகப் படித்து, நடித்துப் பழகுகிறான். ஆங்கிலத்துக்கு இன்னொரு நாள். பழகியதைத் தேதி போட்டுப் பதிவு செய்து வைக்கிறோம், செல்ஃப் டேப் கேட்டால் எதிலிருந்து தொடங்குவது என்று அப்போது தேட வேண்டியிருக்காது.